ஊமைக் கட்டை
அத்தியாயம் 9: கொட்டாய்க் குழாய்

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்த பால்சாமி, மேல்துண்டை ஆணியில் மாட்டினார். கூடத்து மூலையைப் பார்க்காமலே அந்த மூலையில் இருந்ததைப் பற்றிப் பேசினார்.

"இன்னிக்குப் பொழுது சாஞ்சா கெடு முடியுது. நாளைக்குக் காலையில ஆசாரி வருவான். கட்டை அவனுக்கு, ஆளு மண்டிக்கு. சொன்ன சொல்லுதானே காஸ்பர்?"

"சொன்ன சொல்லுதான் நைனா," என்றான் மகன் காஸ்பர்.

மரியசெல்வி அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டுக் கணவன் முகத்தைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கெடு வந்த கதை செஞ்சிக்கே தெரியும். பட்டாளத்தில் லாரி ஓட்டப் போன காஸ்பர், சண்டை ஓய்ந்து அசாமிலிருந்து திரும்பியபோது தகரப் பெட்டியோடு ஒரு கிடாரையும் கொண்டுவந்தான். கடையில் விற்கிற கிடார் அல்ல அது. வால்டர் என்ற அமெரிக்க மெக்கானிக் ஒருவன், பட்டறையில் கிடைத்த பலகையை அறுத்து, கழுத்து வைத்து, விரல் வைக்கும் இடம் காட்டும் மெட்டுக்கம்பிகளைக் குறுக்கே அடித்துப் புதிதாகச் செய்தது. காஸ்பருக்கு வாசிக்கவும் அவன்தான் சொல்லிக் கொடுத்தான். ஊருக்குக் கப்பல் ஏறும்போது கிடாரை இவனுக்கே கொடுத்துவிட்டுப் போனான். அவன் போன மாதமே லாரியின் பின்கதவு விழுந்து காஸ்பரின் இடது கை நசுங்கியது. நடுவிரலும் மோதிர விரலும் அதன்பிறகு மடங்கவே இல்லை. நீட்டியபடியே நின்றுவிட்டன.

இதையாவது தெரு பொறுத்துக்கொண்டிருக்கும். கிடாரின் வயிற்றில் ஓட்டையே இல்லை என்பதைத்தான் பொறுக்கவில்லை. வீணைக்குக் குடம் இருக்கிறது, பிடிலுக்கு வயிறு இருக்கிறது. கம்பியின் அதிர்வை அந்த வெற்றிடம் வாங்கிப் பெரிதாக்கித் தருவதால்தான் நமக்குக் கேட்கிறது. காஸ்பரின் கிடாரோ முழுப் பலகை. கம்பியைத் தட்டினால் கொசு முனகுகிற அளவுக்குத்தான் சத்தம். "இது கரண்டுல பாடுற கிடாரு" என்று அவன் சொன்னதைக் கேட்டுத் தெருவே சிரித்தது. கரண்டு வராத தெரு அது.

போன வாரம் அந்தச் சிரிப்பின் நடுவில்தான் பால்சாமி கத்தினார். "வெள்ளைக்காரன் உன் தலையில கட்டையைக் கட்டிட்டுப் போயிட்டான்டா! கடைத்தெருவுல நிக்கிறவன் காதுல இது விழட்டும், அப்புறம் வாசி. அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள விழலைன்னா மாதா சுரூபத்துக்குப் பீடம் பண்ண ஆசாரிகிட்டக் குடுத்துருவேன். நீ என்னோட மண்டிக்கு வந்து மல்லாட்டை எடை பாரு."

பால்சாமி வாரத்தில் ஆறு நாள் வேர்க்கடலை மண்டியில் மல்லாட்டை மூட்டைகளை எடை பார்க்கிறவர். ஏழாம் நாள் மாதா கோயில் உபதேசியார்; பூசையில் ஆர்மோனியம் வாசித்துப் பாட்டு நடத்துகிறவர். ஆர்மோனியப் பெட்டியின் சாவி அவர் அரைஞாணில் தொங்கும். அனந்தபுரத்தில் கன்னியாஸ்திரிகளிடம் ஆர்மோனியம் படித்த மருமகள் வீட்டுக்கு வந்தபின்னும் அந்தச் சாவி இடம் மாறவில்லை. "பொம்பளை பெட்டியில உக்காந்தா பூசையில எவன் சாமியைப் பாப்பான்?" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

மாமனார் மதியம் படுத்ததும் மரியசெல்வி கிடாரை எடுத்துக் கயிற்றுக் கட்டிலில் மல்லாக்க வைத்தாள்.

காதுக்குக் கேட்காத வாத்தியத்தைக் கேட்க அவள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். தாடையைப் பலகையின் ஓரத்தில் அழுத்திக்கொண்டு கம்பியைத் தட்டுவாள். காற்று கொண்டுவராத சத்தத்தை எலும்பு கொண்டுவந்துவிடும். அப்படிக் கேட்டால் மணி மணியாக இருந்தது.

"இன்னா பண்ற?" என்று காஸ்பர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஒரு தட்டு தட்டினான். முகம் மாறியது. "சுருதியை யாரு கலைச்சது?"

"கலைக்கலீங்க. சேத்து வெச்சிருக்கேன்."

"வால்டர் வெச்சிருந்த சுருதி வேற. விரலை இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு வெச்சா சேர்ந்தாப்பல ஒரு சுரக்கூட்டு வரும். இப்ப எங்க வெச்சாலும் கண்றாவியா இல்ல வரும்?"

"விரல் வெக்கறதுக்கு ஆள் எங்க இருக்குது?" என்று அவள் கேட்டுவிட்டாள். கேட்டபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

காஸ்பர் மடங்காத விரல்களை மடிக்குள் மறைத்துக்கொண்டான். அவள் விடவில்லை.

"கோவிச்சுக்காம கேளுங்க. எனக்கு வால்டரும் தெரியாது, அவன் கூட்டும் தெரியாது. ஆறு கம்பியைக் கண்டதும் கோயில் பெட்டியில மாமா கை வெக்கிற மாதிரி வெச்சேன். ச, ப, ச, க, ப, ச. ஒண்ணையும் அழுத்தாம சும்மா வருடினாலே பாட்டு ஆரம்பிக்கிற மாதிரி இருக்குது பாருங்க."

இருந்தது. கிடார் வாசிக்கக் கற்றிராத ஒருத்தி, ஆர்மோனியக் கணக்கில் செய்த தப்பு அது. ஆனால் அந்தத் தப்பில் ஒரு வசதி இருந்தது. வெறுங்கம்பிகள் ஆறும் ஒன்றோடொன்று இசைந்து நின்றால், எல்லாவற்றின் மீதும் குறுக்காக ஒரே உருட்டுக் கட்டையை வைத்து எந்த மெட்டுக்கம்பிக்கு நகர்த்தினாலும் அங்கேயும் ஆறும் இசைந்தே நிற்கும். விரல்கள் தனித்தனியாக ஓட வேண்டியதில்லை.

இந்த நியாயத்தை அவள் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. முந்தின நாள் தண்ணீர்ச் சொம்பு கை தவறிக் கம்பிமேல் உருண்டபோது கேட்டாள். இப்போது அதே சொம்பை எடுத்து அதன் விளிம்பைக் கம்பிமேல் நகர்த்திக் காட்டினாள்.

"தாடையை வெச்சுக் கேளுங்க. கோட்டு வாத்தியம் மாதிரி இழைஞ்சு வருது. எங்க ஊர்ல ஒரு கல்யாணத்துல கேட்டிருக்கேன். அதை வாசிச்சவரு விரலால அழுத்தவே இல்லை. உருட்டுக் கட்டையாலதான் வாசிச்சாரு."

காஸ்பர் தாடையை வைக்கவில்லை.

"தெரியும். கல்கத்தா ஓட்டல்ல மடியில படுக்க வெச்சு இப்படித் தேய்ப்பானுங்க. வால்டர் பாத்துட்டுச் சிரிப்பான். கிடாரை மார்ல அணைச்சு விரலால வாசிக்கணும். நொண்டிக்கு ஒரு குறுக்கு வழி காட்டறியா எனக்கு?"

"வழி காட்டறேன். குறுக்கோ நெடுக்கோ எனக்குத் தெரியாது."

"என் கிடாரு, என் கை. நான் பாத்துக்கறேன்."

"அப்ப நாளைக்கு மல்லாட்டையும் நீங்களே பாத்துக்குங்க," என்று எழுந்து போய்விட்டாள்.

ஆனால் பொழுது இறங்குவதற்கு முன் அவள்தான் முதலில் கிளம்பி நின்றாள். பழம்புடவையில் கிடாரைச் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு மாட்டுவண்டியின் பழைய கடையாணி ஒன்றைக் கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்திருந்தாள். அது எதற்கென்று காஸ்பர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

திண்டிவனம் சாலையில் டூரிங் டாக்கீஸ் கொட்டாய். அதன் ஆபரேட்டர் ராஜாங்கம், காஸ்பரோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். படம் ஆரம்பிக்கும் முன் தினமும் ரெக்கார்டு போடுவான். கொட்டாய் வாசலில் நட்ட உயரக் கம்பத்தில் புனல் போன்ற குழாய் கட்டியிருந்தது. அந்தச் சத்தம் கடைத்தெருவைத் தாண்டிக் கோட்டை மலையில் மோதித் திரும்பும். சிங்கவரத்தில் கழனியில் நிற்கிறவர்கள் அதைக் கேட்டுத்தான் வண்டி பூட்டுவார்கள். அந்தக் குழாயில் கிடார் வாசிக்கக் காஸ்பர் ராஜாங்கத்திடம் முன்பே கேட்டுவைத்திருந்தான்.

"மொத்தம் ஒரு பாட்டு," என்றான் ராஜாங்கம், கையில் எண்ணெய்த் துணியோடு. "மொதலாளி விழுப்புரம் போயிருக்காரு. ரெக்கார்டு நேரத்துல ஒரு பாட்டு உனக்கு. ரெண்டாவது பாட்டுன்னா என் சோத்துல மண்ணு."

"மொதல்ல கொஞ்சம் சோதிச்சுப் பாக்கணுமே," என்றாள் மரியசெல்வி.

"எங்கம்மா? மண்ணெண்ணெய் ரேஷனு. ரெக்கார்டு போடற நேரத்துக்குத்தான் இஞ்சினு ஓடும். நீங்க சோதிக்கறதும் ஊருக்குத்தான் கேக்கும்."

பெண்பிள்ளை ஒருத்தி ஆபரேட்டர் அறைக்குள் ஏறுவதைச் சீட்டு வாங்க நின்றவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அவள் அவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டே ஏறினாள்.

இஞ்சின் இருமிக்கொண்டு பிடித்தது. காஸ்பர் கிராமபோன் முள்ளிலிருந்து வந்த ஒயரைக் கழற்றச் சொன்னான்.

"இதுவும் அதுவும் ஒரே வேலைதான்டா," என்று ராஜாங்கத்துக்கு விளக்கினான். கை மடங்காவிட்டாலும் வாய்க்குக் குறைவில்லை. "கம்பிக்கு அடியில காந்தம் இருக்குது பாரு. அதைச் சுத்தித் தலைமயிர் மாதிரி செம்புக் கம்பி. மேல இரும்புக் கம்பி ஆடினா, செம்புல துளி கரண்டு ஆடும். கம்பி எப்படி ஆடுதோ அப்படியே ஆடும். அந்தத் துளியை உன் பெட்டி வால்வு பெருசாக்குது. பெருசானது குழாய்க்குள்ள இருக்கிற தகட்டை ஆட்டுது. அவ்ளோதான். ரெக்கார்டுல முள்ளு ஆடுது, இதுல கம்பி ஆடுது."

"அப்ப இதோட வயிறு எங்க?"

"உன் குழாய்தான்டா இதுக்கு வயிறு!"

கிடாரின் ஒயரில் இரண்டு இழை. நடுவே ஒரு மெல்லிய கம்பி, அதைப் போர்த்தியபடி வெளியே ஒரு பின்னல். காஸ்பரின் விரலால் அதை முறுக்க முடியவில்லை. மரியசெல்வி முறுக்கினாள். அவசரத்தில் உள்ளிழையை வெளி இணைப்பிலும் வெளிப் பின்னலை உள் இணைப்பிலும் மாற்றிக் கட்டிவிட்டாள்.

ராஜாங்கம் குமிழைத் திருப்பினான்.

குழாயிலிருந்து பெரிய வண்டு ஒன்று ஊரையே தின்ன வருவதுபோல் உறுமியது. சாலையில் ஒரு மாடு மிரண்டது. "நிறுத்துடா!" என்று யாரோ கத்தினார்கள்.

"இழை மாறிப்போச்சு," என்றான் காஸ்பர். "வெளிப் பின்னல் இருக்கிறதே உள்கம்பிக்குக் குடை பிடிக்கத்தான். குடையை உள்ள வெச்சு ஆளை வெளிய நிறுத்திட்டே. இஞ்சினோட இரைச்சல் மொத்தமும் அதுமேல பெய்யுது."

அவள் பிரித்து மாற்றி முறுக்கினாள். உறுமல் அடங்கி, மெல்லிய மூச்சு மட்டும் குழாயில் நின்றது. காஸ்பர் கிடாரை மார்போடு அணைத்துக்கொண்டான். வால்டரைப் போலவே நின்றான். அவள் சேர்த்துவைத்த சுருதியை வேகவேகமாகத் திருகி வால்டரின் சுருதிக்கு மாற்றினான். அத்தனை திருகலும் முனகலும் கடைத்தெரு வரைக்கும் போனது.

பிறகு மடங்குகிற ஆள்காட்டி விரலையும் சுண்டுவிரலையும் வைத்து அழுத்தி ஒரு வீச்சு வீசினான்.

அழுத்தாத கம்பி தகரம்போல் அதிர்ந்தது. பாதி அழுத்திய கம்பி செத்தது. இன்னொரு தடவை வீசினான். அதுவும் அப்படித்தான்.

சீட்டு வரிசையில் சிரிப்பு கிளம்பியது. "பல்லு வலியா காஸ்பரு?" என்று ஒரு குரல். "உபதேசியார் மவனுக்குப் பூசை வெக்கச் சொல்லுங்கப்பா!" என்று இன்னொன்று.

காஸ்பர் தலையைக் குனிந்துகொண்டான். கிடாரின் வாரைத் தோளிலிருந்து கழற்றினான்.

"நிறுத்திடு ராஜாங்கம். போதும். நாளைக்கு மண்டிக்குப் போறேன்."

ராஜாங்கத்தின் கை குமிழுக்குப் போனது.

"குறைச்சு வைங்க, நிறுத்தாதீங்க," என்றாள் மரியசெல்வி. "ஊருக்குக் கேக்கணும்னு மாமா சொன்னாரு. கேட்டுடுச்சு. ஊரு சிரிச்சும் ஆச்சு. இனிமே பயப்பட இன்னா இருக்குது?"

"மரியா, உடு."

"உடமாட்டேன். உங்க வால்டர் கப்பலேறிப் போயிட்டான். அவன் சிரிச்சா இங்க கேக்காது. வாசல்ல நிக்கிறவன் சிரிச்சதுதான் கேட்டுச்சு. எவன் சிரிப்புக்குப் பயப்படறதுன்னு முடிவு பண்ணிக்கிட்டு வந்து உக்காருங்க."

காஸ்பர் அவளைப் பார்த்தான். கல்யாணமாகி இந்த நாள்வரை அவள் அவனிடம் குரல் உயர்த்தியதில்லை. ராஜாங்கம் வேறெங்கோ பார்த்தபடி ஸ்டூலை மெல்லக் காலால் தள்ளிவிட்டான்.

காஸ்பர் உட்கார்ந்தான்.

அவள் கிடாரை அவன் மடியில் மல்லாக்கப் படுக்க வைத்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கடையாணியை எடுத்து, முறுக்காணிகள் இருக்கும் தலைப்பக்கம் கம்பிகளுக்கு அடியில் நுழைத்தாள். கம்பிகள் மெட்டை விட்டு நன்றாக உயர்ந்தன. மேலே தேய்க்கிற கட்டை இனிமேல் மெட்டில் இடிக்காது. உயர்ந்த கம்பி இறுகும், சுருதி ஏறும். அதனால் ஒவ்வொன்றாகத் தளர்த்தி, பலகையில் தாடையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு சேர்த்தாள். ச, ப, ச, க, ப, ச.

"தேய்க்க இன்னா இருக்குது? சொம்பை வீட்டிலேயே உட்டுட்டேன்."

ராஜாங்கம் இஞ்சின் சாமான் பெட்டியைக் கிளறினான். பிஸ்டனைத் தாங்குகிற உருட்டு உருக்குத் தண்டு ஒன்றை எடுத்துத் துடைத்துக் கொடுத்தான். கண்ணாடிபோல் வழுவழுவென்று, கைக்குக் கனமாக இருந்தது. காஸ்பர் அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்தான். மடங்காத இரண்டு விரலும் தண்டுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டு, தாமாகவே கம்பிகளின்மேல் படுத்தன.

முதல் சுரம் தாழ்ந்து ஒலித்தது.

"இன்னும் கொஞ்சம் முன்னால," என்றாள் அவள்.

அவனுக்கே புரிந்துவிட்டது. விரலால் அழுத்துகிறவன் மெட்டுக்குச் சற்றுப் பின்னால் அழுத்துவான். தண்டு அப்படியல்ல. தண்டு நிற்கிற இடத்தில்தான் கம்பியின் நீளம் முடிகிறது. ஆகவே மெட்டுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். பழகிய கை பழைய இடத்துக்கே போயிற்று. இரண்டு மூன்று தடவை அதை முன்னால் இழுத்துப் பிடித்தான். சுரம் வந்து பொருந்தியது.

"தண்டுக்குப் பின்னால இரைச்சலே இல்லையே," என்று காஸ்பர் ஆச்சரியத்தோடு முணுமுணுத்தான். வழக்கமாகத் தண்டுக்குப் பின்பக்கத்துக் கம்பியும் சேர்ந்து முனகும். கல்கத்தாக்காரர்கள் அதை அடக்கவே விரல்களை நீட்டிப் பிடித்திருந்தார்கள். அவன் நீட்டிப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. நீட்டியே இருந்தன.

"ராஜாங்கம், ஏத்து."

குமிழ் ஏறியது.

காஸ்பர் வாசித்தது, செஞ்சிக் கோயிலில் ஞாயிறுதோறும் காணிக்கை நேரத்தில் பாடுகிற மாதா பாட்டு. வார்த்தை இல்லாமல், குரல் மட்டும் தனியே எழுந்து நடப்பதுபோல் குழாயிலிருந்து வந்தது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததுக்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டு போனது. ஒவ்வொரு அடியும் மலைப்பக்கம் போய் மோதி, சற்றுத் தேய்ந்து, அடுத்த அடி கிளம்பும்போது திரும்பி வந்தது. சீட்டு வரிசை அப்படியே நின்றது. பல்லு வலி கேட்டவன் பீடியைப் பற்றவைக்க மறந்து தீக்குச்சியில் விரலைச் சுட்டுக்கொண்டான்.

கடைசி அடிக்குப் போவதற்குள் ஆபரேட்டர் அறையின் படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

பால்சாமி. கடைத்தெருவிலிருந்து மூச்சிறைக்க வந்திருந்தார்.

"மாதா பாட்டை... சினிமாக் கொட்டாயில! நிறுத்துடா!"

மரியசெல்வி கதவின் குறுக்கே நின்றாள். கையை எடுத்துக் கதவு நிலையில் வைத்துக்கொண்டாள்.

"பாட்டு முடியட்டும் மாமா."

"எட்ட நில்லும்மா."

"முடியட்டும் மாமா. கடைத்தெருவுல நீங்கதானே நின்னீங்க? உங்க காதுல விழுந்துச்சா, இல்லையா?"

பால்சாமி அண்ணாந்து பார்த்தார். பாட்டு அவர் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. பாட்டு வாத்தியாரின் காது அவருடையது. கோபத்திலும் அது சும்மா இருக்கவில்லை. அவர் முகம் மெல்லக் கிடார் பக்கம் திரும்பியது.

"யாரு சுருதி சேத்தது இதுக்கு?"

"நான்தான்."

"என் பெட்டியோட சுருதி இது. மயிரிழை பிசகலை. அந்தப் பெட்டியை நான் யாரையும் தொட விட்டதில்லையே."

"நான் தொடலை மாமா. ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழமை பொம்பளைங்க பக்கத்துல கடைசியில உக்காந்து கேக்குறேன். பெட்டிக்குத்தான் உங்ககிட்டப் பூட்டு இருக்குது."

கடைசி அடி முடிந்து, மலையிலிருந்தும் வந்து முடிந்தது. வாசலில் யாரோ கைதட்ட, தொடர்ந்து வரிசை முழுக்கத் தட்டியது. ராஜாங்கம் குமிழைக் குறைக்கக் கையை நீட்டினான்.

பால்சாமி மருமகளின் தோளுக்கு மேலாகப் பார்த்து மகனைக் கேட்டார்.

"நாளைக்கு மண்டிக்கு வர்றியா, இல்லையா?"

காஸ்பர் நிமிரவில்லை. உருக்குத் தண்டை முழங்கால் துணியில் ஒருமுறை துடைத்தான்.

"குறைக்காத ராஜாங்கம்," என்றான். "இன்னொண்ணு இருக்குது."

ராஜாங்கம் உபதேசியாரைப் பார்த்தான், காஸ்பரைப் பார்த்தான், விழுப்புரம் சாலையை ஒரு தடவை பார்த்தான். கையை மடியில் வைத்துக்கொண்டான்.

இரண்டாவது பாட்டு கிளம்பியது.

பால்சாமி படியிறங்கினார். கூட்டம் விலகி வழிவிட்டது. மரியசெல்வி நிலையிலிருந்து கையை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாலை முனைக்குப் போனதும் அவர் அரைஞாணிலிருந்து பெட்டிச் சாவியை அவிழ்த்தார். அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

வீட்டுக்குப் போகிற சந்தில் அவர் திரும்பவில்லை. நேராகக் கோயில் சாமியாரின் பங்களாவை நோக்கி நடந்தார்; அந்தச் சாவி யார் கைக்குப் போகும் என்று மரியசெல்விக்குத் தெரியவில்லை.